அம்மன் கோயிலுக்கு இரண்டாவது வேலி

யுத்த காலம். தொண்ணூறுகளில் ஒரு மாரிமழைக் காலம். படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, தோணியில் வாவியைக் கடந்து வந்த நாங்கள், ஆரையம்பதிக்குத் தெற்கே ஓர் அம்மன் கோயில் வளவில் தங்கியிருந்தோம். சோறு கிடைத்தது. கிணற்றில் நல்ல தண்ணீர். மலசலகூடம்தான் இல்லை.

ஆண்கள் பகலில் வாவிக்கரைப் பற்றைகளுக்குப் போய்வந்தார்கள். பெண்களுக்கு அந்த மறைவு போதாது. இருட்டிய பின் போனால், இராணுவக் காவலரணில் இருப்பவர்கள் அசைவைக் கண்டு சுடுவார்கள். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். எட்டு மாதக் கர்ப்பிணியான என் தங்கை அநேகமாக நிறுத்தியே விட்டாள். ஒருநாள் காலை கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். இப்படியே விட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார் மருத்துவமாது.

கோயில் பொறுப்பாளரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். அன்று காலையே அவரிடம் போனேன்.

"வளவுக்குள்ள ஒரு கக்கூசு கட்ட விடுங்க ஐயா."

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "அம்மாளுட வேலிக்குள்ளயா? நல்லாத்தான் கேக்கிறாய் புள்ள!"

வண்ணக்கர் சிரிக்கவில்லை. "வேலிக்குள்ள கட்டேலாது, மகள்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் மழைத் தூறலில் அவர் குழி தோண்டும் அலவாங்குடன் நின்றார். பழைய கிடுகு வேலியைத் தொடவில்லை. கிணற்றுக்கு எதிர்மூலையில், அந்த வேலிக்குப் பத்தடி உள்ளே தள்ளிப் புதுக் கம்புகள் நட்டுக்கொண்டிருந்தார்.

"இனி இதுதான் கோயில் வேலி. அங்கால உங்கட இடம். கட்டுங்க."

காலையில் சிரித்தவருக்குப் பொறுக்கவில்லை. "அம்மாளுட காணியைக் குறைச்சுப்போட்டீங்களே!"

"அவக்கு மிச்சமுள்ளது போதும். மண்வெட்டியை எடும் காணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். வெட்டிய குழியில் நீர் ஊறியது. மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் கட்டினார்கள். வாசலில் சாக்குத் தொங்கவிட்ட அன்று தங்கை ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அடுத்த மாதம் பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது.

இந்த வசதி இல்லாத பெண்களைப் பற்றி இன்றும் எங்காவது வாசித்தால், தான் காத்த கோயிலைத் தன் கையாலேயே பத்தடி சிறிதாக்கிய அந்த மனிதரை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.