யூனிஸ் டீச்சரும் குளவிக்கூடும்

யூனிஸ் டீச்சரை வேலையை விட்டுத் துரத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. திருடினாளா, பித்தலாட்டம் செய்தாளா? ஒரு குளவிக்கூடு, அவ்வளவுதான்!

முப்பத்தைந்தாம் வருஷம், அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளும் நானும் டீச்சர்கள். புருஷன் போனபிறகு யூனிஸுக்கு அந்த வேலைதான் சோறு. பள்ளி மேனேஜர் ஞானசேகரனுக்கோ காலை ஜெபத்தில் எப்போதும் ஒரே பிரசங்கம். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் குளவியாக்குகிறதாம். டீச்சரும் பிள்ளைகளை அப்படித்தான் ஆக்க வேண்டுமாம். கையில் பிரம்பு வேறு!

யூனிஸ் தலையாட்டுகிற ஆள் இல்லை. வகுப்பு ஜன்னலில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைப் பெயர்த்து, ஒரு பக்கம் சுரண்டித் திறந்து, விளக்கின் கண்ணாடிச் சிம்னிக்குள் வைத்துத் துணியால் வாய் கட்டினாள். உள்ளே மயங்கிக் கிடந்த பச்சைப் புழுக்கள், ஒரு முட்டை. கூட்டைக் கலைத்தால் வீட்டில் பிள்ளை பிறக்காது என்று கேட்டு வளர்ந்த பெண்கள் அலறினார்கள். யூனிஸ் எதையும் விளக்கவில்லை. தினமும் ஒரே கேள்வி: "இன்னைக்கு என்னடி பாத்தீங்க?" அடேயப்பா, மணி அடிக்குமுன்பே வந்து முண்டியடித்தார்கள்! முட்டையிலிருந்து வந்த வெள்ளைக் குஞ்சு, பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. கடைசியில் அதுவே குளவியாகிப் பறந்தது.

அடுத்த ஜெபத்தில் மேனேஜர் குளவிக் கதையை எடுத்ததும் மௌரீன் என்ற பெண் எழுந்தாள்.

"ஐயா, புழு குளவி ஆவல. குளவிக் குஞ்சு அத தின்னுடுச்சு."

மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே வகுப்புக்கே வந்துவிட்டார்.

"பூச்சி புழுவ வெச்சு என்னையே எதிர்த்துப் பேசக் கத்துக் குடுக்கறியா? சொன்னது தப்புன்னு அந்தப் பொண்ணே சொல்லட்டும். இல்லேன்னா நாளையிலிருந்து நீ வர வேணாம்."

வாசலில் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. மௌரீன் தன் டீச்சரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"புழுதாங்க ஐயா குளவி ஆச்சு."

மேனேஜர் முகத்தில் வந்த சிரிப்பைப் பிய்த்தெறிய வேண்டும் போலிருந்தது. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். யூனிஸின் வேலை பிழைத்தது.

"நில்லுங்க ஐயா," என்றாள் யூனிஸ். மௌரீனின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். "எனக்காகப் பொய் சொல்லாத கண்ணு. நீ என்ன பாத்தே?"

அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள்.

"தின்னுடுச்சு டீச்சர்."

"சரியாச் சொன்னே," என்று சொல்லிவிட்டு யூனிஸ் தன் குடையை எடுத்துக்கொண்டாள்.