பேட்டரி வர்றதுக்கு முன்னாடி

பேயி பிசாசு, காத்து கருப்புன்னு எவனாச்சும் என் ஒர்க்‌ஷாப்புல வந்து பேசுனா, போயி ஊட்டுல நல்லா தூங்கிட்டு வாடான்னு தொரத்தி உட்ட ஆளுங்க நான். இருவத்தஞ்சு வருசமா ஏற்காட்டுல டீசல் வண்டி மெக்கானிக்கு. எஞ்சின் ஓடுனா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், ஓடலைன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கும், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இப்ப நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, பரவால்ல. நடந்தது நடந்ததுதானுங்க.

போன மழைக்கு நடந்தது. மாரமங்கலம் பக்கம் செல்லமுத்து அண்ணன் ஊட்டுக் கொட்டாயில ஒரு பழைய டிராக்டர் நாலு வருசமா ஓடாம நின்னுட்டிருந்துச்சு. அத ஓட வெக்கணும்னு என்னையக் கூப்புட்டிருந்தாரு. டேங்க் கழுவி, பில்டர் மாத்தி, டயருக்குக் காத்தடிச்சு, இன்ஜெக்டர சேலத்துல குடுத்து சரி பண்ணி வாங்கி, அன்னிக்குக் காலைல மாட்டலாம்னு போனேன். போனா ஊடே அல்லோலகல்லோலமா கெடக்குது. அண்ணன் மக பூங்கொடிக்கு எட்டு மாசம், விடியக்காலைல இருந்து ரத்தம் போவுது. ஆம்புலன்ஸ் வந்துருச்சு, ஆனா மண்ணுரோடு பூரா சேறு, தார்ரோட்டுலயே நின்னுருச்சு. நடுவுல ரெண்டு மைல். தூளி கட்டித் தூக்கிட்டுப் போலாம்னா, வழுக்கி உழுந்தா ரெண்டு உசுரும் போயிரும்.

அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "ஏனுங்க பாய், எப்புடியாச்சும் இத ஓட வெச்சுக் குடுங்க. வேற நாதியில்லீங்க."

டிராக்டர்ல பேட்டரி கெடையாது, அது எப்பவோ செத்து எடைக்குப் போயிருச்சு. மேலூட்டுல இன்வெர்ட்டர் பேட்டரி இருக்குதுன்னு அண்ணனும் அவரு மருமகனும் ஒரு கம்ப எடுத்துக்கிட்டு ஓடுனாங்க. ஊட்டுக்குள்ள பூங்கொடியும் அவங்கம்மாவும் மட்டுந்தான். மணி பத்து இருக்கும், பட்டப்பகலுங்க, ஆனா மஞ்சு எறங்கி கொட்டாய்க்கு வெளிய ஒண்ணுமே தெரியல.

நான் இன்ஜெக்டர மாட்டிட்டு ஏர் எடுக்க உக்காந்தேன். டீசல் பைப்புல காத்து நின்னுருச்சுன்னா எஞ்சின் புடிக்காது, அதனால பைப்பு நட்ட லூஸ் பண்ணி வெச்சுக்குவோம், ஒராளு மேல உக்காந்து சாவியத் திருப்பணும், நொர போயி சுத்த டீசல் வந்ததும் கீழ இருக்கறவன் முறுக்கணும். ரெண்டாளு வேலை. பானெட்டுக்கு இந்தப் பக்கம் குனிஞ்சிருக்கேன், சீட்டு ஸ்பிரிங்கு கிரீச்சுன்னுச்சு, வண்டி லேசா அமுங்குச்சு. மருமகன் பேட்டரியோட வந்து அந்தப் பக்கம் மாட்டிட்டாரு போலன்னு நெனச்சேன். இருந்த அவசரத்துல தலையக்கூட நிமுத்தல. "அடிங்க தம்பி"ன்னேன். ஸ்டார்ட்டர் கர்ர்ருன்னு சுத்துச்சு. நொர நொரயா வந்துச்சு. "இன்னொருக்கா"ன்னேன், சுத்துச்சு. நம்புனா நம்புங்க, ஆறேழு தடவ. கடைசி நட்ட முறுக்குனதும் கருப்பா பொகையத் தள்ளிட்டு எஞ்சின் புடிச்சிருச்சு.

சந்தோசத்துல எந்திரிச்சுப் பாக்கறேன், சீட்டுல ஆளு இல்ல. பேட்டரிப் பெட்டி காலி, வயரு ரெண்டும் தொங்குது. அந்நேரம் பாத்து மஞ்சுக்குள்ள இருந்து அண்ணனும் மருமகனும் கம்புல பேட்டரியத் தொங்க உட்டுக்கிட்டு வர்றாங்க. எஞ்சின் சத்தத்தக் கேட்டு அப்புடியே நின்னுட்டாங்க.

"பேட்டரி இல்லாம எப்புடீங்க பாய்?"

டீசல் எஞ்சின் ஒருக்கா புடிச்சிருச்சுன்னா அப்பறம் பேட்டரி வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். அதனால பேசிட்டு நிக்காம பின்னாடி டிரெய்லர மாட்டி, மெத்தையப் போட்டு, பூங்கொடியப் படுக்க வெச்சு, நான்தான் ஓட்டிட்டுப் போனேன். ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. சாயங்காலம் சேலத்துல பொம்பளப் புள்ள பொறந்துச்சு, தாயும் புள்ளையும் சொகம். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்னு டாக்டரம்மா சொன்னாங்களாம்.

மறு வாரம் போயி ஸ்டார்ட்டர் மோட்டாரக் கழட்டுனேன். மொதல்லயே பாத்திருக்கணும், பாக்கல, என் தப்புதான். உள்ள பூரா குளவி மண்ணு வெச்சுக் கூடு கட்டி, துரு ஏறி, சுத்தியல்ல தட்டுனாக்கூட அசையல. அன்னிக்கு அந்த பேட்டரிய மாட்டியிருந்தாலும் எங்களால வண்டிய எழுப்பியிருக்க முடியாதுங்க.

சரி, அதக்கூட உடுங்க. இத நான் அண்ணன்கிட்டயும் சொல்லல, எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. அன்னிக்கு ஏர் எடுக்கறப்ப நடுவுல ஒருக்கா ஸ்பேனர் நழுவி பேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல உழுந்துருச்சு. எடுக்கறதுக்குக் கைய உள்ள உட்டிருக்கேன், புத்தி எங்கயோ இருக்குது, வாய் பாட்டுக்கு "அடிங்க தம்பி"ன்னு சொல்லிருச்சு. ஸ்டார்ட்டர் சுத்துனா பேனும் கூடச் சுத்தும், வெரலு போயிருக்கும். ஆனா அடிக்கல. கைய வெளிய எடுத்து, ஸ்பேனர நட்டு மேல வெச்சேன். அப்பறந்தான் சுத்துச்சு, நான் மறுக்கா சொல்லாமயே. சீட்டுல இருந்து பாத்தா பானெட் மறைக்கும், என் கை தெரியவே தெரியாதுங்க. அண்ணனோ மருமகனோ மேல உக்காந்திருந்தா, ஊட்டுக்குள்ள பூங்கொடி கத்துன கத்தலுக்கு, நான் வாயத் தொறந்ததுமே சாவியத் திருப்பியிருப்பாங்க.