ஜன்னலில் கட்டிய மானிட்டர்

பழுதான எந்தச் சாமானையும் திறப்பதற்கு முன் பாஞ்சாலை அதைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டுவாள். மிக்சி, தண்ணீர் மோட்டார், கணவன் தனசேகரனின் ஜீப், எதுவும் தப்பியதில்லை. பாதிச் சாமான்கள் அந்த வசவுக்கே ரோஷப்பட்டு ஓடத் தொடங்கிவிடும் என்பது அவள் கட்சி. இன்று காலை, இருண்டு கிடந்த கம்ப்யூட்டர் மானிட்டருக்கு மூன்று தலைமுறை வரை விழுந்தது. அது அசையவில்லை.

நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருவது அவள் தொழில். அலுவலகம் என்பது வீட்டு முன்னறைதான். சாமை மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவே ஒரு மேசை. பக்கத்து வீட்டுப் பிரியதர்ஷினியின் நர்சிங் விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணி கடைசி. போனில் போட்டால் அந்தத் தளம் போட்டோவை வாங்காது. மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம் என்றான் தனசேகரன். போன வருஷம் அங்கே போன அவளுடைய பிரிண்டர், நாற்பது நாள் கழித்து வேறு யாருடைய பிரிண்டராகவோ திரும்பி வந்திருந்தது.

"அவன்கிட்ட குட்த்தா இது டிவியா வரும். நான் பாத்துக்கறேன். நீ வண்டிய எட்த்துனு போ."

டார்ச் அடித்துப் பார்த்தாள். திரையில் எழுத்தெல்லாம் மங்கலாக இருந்தது. பின்னால் எரியும் விளக்குதான் செத்திருந்தது. டார்ச்சுக்கோ கையகலம்தான் தெரிந்தது. விடுவாளா? முதுகைக் கழற்றி, விளக்கையும் தகடுகளையும் உருவிப் போட்டு, வெறும் கண்ணாடியை வயரோடு ரோட்டோர ஜன்னல் கம்பியில் கட்டினாள். மதியம் தாண்டியதும் வெயில் அந்தப் பக்கம் இறங்கியது. கண் கூசாமலிருக்க நடுவே ஒரு வெள்ளைத் துணி வேண்டும். நாளைய கல்யாணத்துக்குத் தனசேகரன் துவைத்துக் காயப்போட்ட வேட்டி கொடியிலிருந்து ஜன்னலுக்கு மாறியது. சூரியன் பின்னாலிருந்து அடிக்க, திரை பளிச்சென்று வந்தது.

வெளியே ஆடு போனால் உள்ளே திரையிலும் ஆடு போனது.

"அந்த ஆட்ட முடுக்கிவுடு பாப்பா, உன் மார்க்கு மேல நிக்குது" என்றாள், பக்கத்தில் நின்ற பிரியதர்ஷினியிடம்.

துண்டு மேகம் வந்தால் விண்ணப்பம் நின்றது, போனால் நகர்ந்தது. நாலரை மணிக்குக் கோடை மழை மேகம் மலை முழுவதையும் மூடிக்கொண்டது. திரை இருண்டது. போட்டோவும் கையெழுத்தும் இன்னும் ஏற்றவில்லை. பாஞ்சாலை வானத்தைப் பார்த்தாள். ஒரு வசவுகூட வரவில்லை. அதைப் பார்த்துதான் பிரியதர்ஷினி அழ ஆரம்பித்தாள்.

நாலே முக்கால் ஆனபோது தனசேகரனின் ஜீப் வந்து நின்றது. ஜன்னலில் தன் வேட்டியைப் பார்த்ததும் அவன் வாயைத் திறந்தான்.

"வேட்டிக்கு அப்புறம் திட்டு. வண்டியத் திருப்பி, ஜன்னலப் பாத்து லைட்டப் போடுயா."

ஜீப்பில் புளி மூட்டைகளோடு சவாரி வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, அவன் வண்டியைத் திருப்பினான். கல்யாண வேட்டிக்குள் புகுந்து வந்தது ஹெட்லைட். போட்டோ ஏறியது. கையெழுத்து இரண்டாம் தரம்தான் ஏறியது. ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கையில் விண்ணப்ப எண் வந்தது. பிரியதர்ஷினி அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, எழுதியது சரிதானா என்று மூன்று முறை படித்தாள்.

திட்டுவது பாஞ்சாலைக்குச் சுலபம். புருஷனுக்கு நன்றி சொல்வதுதான் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் சொல்ல, வேட்டியை ஓரமாக ஒதுக்கினாள். மலைப்பாதை வளைவில் ஒரு டிரைவர் எதிரே வருகிற டிரைவருக்குக் காட்டுவாரே, அதே மாதிரி கம்பிக்கு வெளியே கையை நீட்டி, லைட்டை இறக்கச் சொல்லி உள்ளங்கையை மெல்ல இரண்டு தரம் தாழ்த்தினாள்.