வார்னிஷ் பூசிய ரைஃபிள்

ஆயுத பூசை முடிந்த மறுநாள் காலை பைலட் ஐயா என் பட்டறைக்கு வந்தார். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள்கள் மூன்றை லைசன்ஸோடு வைத்திருந்தார். நான் பாலையூற்றில் துவக்குத் திருத்துபவன். "சுடுறதுக்குச் செய்த சாமான், சுடத்தான் வேணும்" என்று மாதம் ஒருமுறை ஐயா அவற்றைத் துவக்குச் சுடும் ரேஞ்சுக்குக் கொண்டுவருவார்.

துணியைப் பிரித்தார். அந்த மூன்றில் ஒரு ரைஃபிள்: முதலாம் உலகப் போர்க் காலத்து போல்ட் அக்‌ஷன். கடையில் வாங்கிய புது அலுமாரி மாதிரி மினுங்கியது.

இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ரைஃபிள்களின் மரக்கட்டையில் ஊறிய எண்ணெய்க் கறுப்பும், பரிசோதகர் குத்திய முத்திரையும்தான் அவற்றின் உயிர். சாண்ட் பேப்பர் பட்டால் போச்சு. இதில் இன்னொன்றும் இருந்தது: யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள். சுடுவதற்கு முன் ஐயா அதைப் பெருவிரலால் தடவுவார். "ஆரெண்டு தெரியாது. ஊருக்குத் திரும்பிப் போனவனோ என்னவோ" என்பார்.

அந்த இடம் வழவழவென்று இருந்தது.

"ஆர் ஐயா செய்தது?"

"என்ர மனுசிதான். நான் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போயிருந்தனான். பூசைக்கு இதைத்தான் வைக்கிறது; அழுக்காக் கிடக்கக் கூடாதெண்டு, சல்லி ஊரில வள்ளம் செய்யிற ஓடாவியைக் கூப்பிட்டுத் தேய்ப்பிச்சு வார்னிஷ் அடிப்பிச்சிருக்கிறா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வடிவாயிருக்கு எண்டனான். வேறென்ன சொல்ல?"

கதிரையில் உட்கார்ந்து அழுதார். ஒப்பரேஷன் செய்த கண் என்று சாக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆரைக் குறை சொல்வது? எங்கள் வீடுகளில் கோடரி முதல் தையல் மெஷின் வரை தேய்த்துக் கழுவாமல் பூசைக்கு வைப்பதில்லையே. அவருடைய மனைவி மனோன்மணி அக்கா அன்போடுதான் செய்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது.

அதன் பிறகு ஐயா மற்ற இரண்டு ரைஃபிள்களையும்தான் ரேஞ்சுக்குக் கொண்டுவந்தார். சில கிழமைகள் போக, மனோன்மணி அக்கா தனியே பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, அதில ஏதோ எழுத்து இருந்ததெண்டு ஓடாவி இப்பதான் சொன்னவர். அதுதான் மனுசன் அதைத் தொடுறேல்லைப் போல. நீங்கள் திரும்ப வெட்டித் தர ஏலுமோ?"

எழுத்துகள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. பத்து நிமிட வேலை.

"ஏலும் அக்கா. ஆனா அது நான் வெட்டினதாத்தான் இருக்கும்."

வாசல் பக்கம் திரும்பினார். "அப்ப விடுங்கோ. நான் வந்ததை அவருக்குச் சொல்லாதேங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாதெண்டே நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறார்."

பழைய பொருள் சேர்ப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அதில் எது பெறுமதி என்பதை வீட்டில் சொல்லிவையுங்கள். ஐயா அந்த எழுத்துகளின் கதையை எனக்குச் சொன்னார். ரேஞ்சில் எல்லோருக்கும் சொன்னார். அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை.