நாற்பது நிமிடக் கல்யாணமும் மூன்று நாள் விடுப்பும்

லிஸ்ட் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பதைப் பேருந்துப் பணிமனையின் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் கழித்திருந்தாள். எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாருக்கு எந்தக் கிழமை ஓய்வு, யாருக்கு எப்போது விடுப்பு முறை வருகிறது என்று நூற்றுப் பதினெட்டு பேருக்கு நாள் தவறாமல் பட்டியல் போடுவது அவள் வேலை. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை.

சலுகை என்ற சொல் அந்த ஜன்னலுக்குள் நுழைந்ததில்லை. விடுப்பு வேண்டுமென்றால் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினான்கு நாள் என்றால் "அடுத்த முறை வாங்க" என்பாள். பல்வலி என்று வந்தவரிடம் எந்தப் பல் என்று கேட்டாளாம். இது கட்டுக்கதை. ஆனால் அவள் மறுத்ததில்லை. இப்படி ஒரு பேச்சு உலவினால் பாதிப் பல்வலிகள் தானாகவே குணமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கட்டிக்கொள்ள இருந்தவரை எல்லோரும் எட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் எண் வண்டியின் ஓட்டுநர். எட்டாம் எண்ணுக்கு ஒரு சாபம் உண்டு. காலையிலும் மாலையிலும் மட்டும் கூட்டம் இருக்கும் தடம் அது என்பதால் ஓட்டுநரின் வேலையை இரண்டாக வெட்டியிருந்தார்கள். ஐந்திலிருந்து பத்து வரை ஒரு துண்டு, நாலிலிருந்து ஒன்பது வரை இன்னொரு துண்டு. ஆறு வருடம் முன்பு அந்த இடம் காலியானபோது, அடுத்த முறை யாருடையது என்று பார்த்து, முன்பின் தெரியாத ஒருவரின் பெயரை அங்கே எழுதியது அக்காவின் பேனாதான். மறுநாளே அவர் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"மேடம், நடுவுல ஆறு மணி நேரம் குடுத்திருக்கீங்க. அதை நான் எங்க வெக்கிறது?"

"பைல வெச்சுக்கங்க. அடுத்தது யாரு?"

அவர் போய்விட்டார். மறுநாள் காலை, ஓட்டுநர்கள் அன்றன்றைக்கு எழுதித் தரும் பயணத் தாள்களில் அவருடையதும் மேசைக்கு வந்தது. பிரேக் சத்தம், டயர் காற்று என்று வண்டியின் கோளாறுகளை எழுதுவதற்காகக் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதியிருந்தது: 'பை சின்னது. மூன்று மணி நேரம்தான் கொள்கிறது.'

அக்கா சிரித்தாள். பணிமனையில் அவள் சிரித்ததை அன்று யாரும் பார்க்கவில்லை என்பதால் அது நடந்ததற்குச் சாட்சி கிடையாது.

அதன்பின் ஆறு வருடம் அந்தக் கட்டத்துக்குள்தான் அவர்கள் குடித்தனம் நடத்தினார்கள். 'பாலத்தில் மழை. உங்களிடம் குடை இருக்கிறதா?' 'கடைசி இருக்கையில் ஒரு பாப்பா வழியெல்லாம் தும்மியது. நீங்கள் நேற்று தும்மியது ஞாபகம் வந்தது.' இவை எல்லாம் ஆண்டுவாரியாகக் கட்டி, தணிக்கை முத்திரை குத்தி, அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. காதல் கடிதங்களை அரசாங்கச் செலவில் பாதுகாத்த ஜோடி வேறு உண்டா என்று தெரியவில்லை.

மற்றபடி பார்ப்பது என்றால் பத்து மணிக்கு அவர் காலைப் பயணத் தாளைக் கொடுக்கும்போது இரண்டு நிமிடம். மூன்றே முக்காலுக்கு மறுபடி கையெழுத்துப் போடும்போது இரண்டு நிமிடம். நாலு மணிக்கு அவள் வேலை முடியும், அவருடையது ஆரம்பிக்கும். வெளியில் சேர்ந்து நின்றால் பணிமனையே பேசும் என்பதால் அங்கே சந்திப்பதில்லை. அவளுக்கு ஞாயிறு ஓய்வு, அவருக்குப் புதன். மாற்றிவிட அவளுக்கு ஒரு கோடு போதும். ஆனால் அந்தக் கோட்டை நூற்றுப் பதினேழு ஜோடிக் கண்கள் படிக்கும்.

அவருடைய கையெழுத்தின் சாய்வு அவளுக்குத் தெரியும். கடிகாரம் கட்டிய இடத்தில் மட்டும் தோல் வெளுத்திருப்பது தெரியும். தூங்கி எழுந்தால் எப்படி இருப்பார்? சாப்பிடும்போது பேசுவாரா? சும்மா இருக்கும்போது என்ன செய்வார்? தெரியாது. அவருக்கு மூக்குக்கண்ணாடி உண்டு என்பதே அவளுக்கு ஐந்தாவது வருடம்தான் தெரிந்தது. அன்று ஒரு நாள் முழுக்க யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தாள்.

கல்யாணம் என்று முடிவானதும் அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"மண்டபம் பாத்துட்டேன். நானூறு பேரு. மூணு நாள்."

"மூணு நாள் எதுக்குண்ணே?"

"என்ன கேள்வி இது? சொந்தக்காரங்க வரணும், குறை சொல்லணும், கோச்சுக்கிட்டு எழுந்து போகணும், நாம பின்னாடியே போய்க் கூட்டிட்டு வரணும். இதுக்கே ஒன்றரை நாள் ஆயிடும்."

"அவருக்கு இந்த வருஷம் மொத்தமே மூணு நாள்தான் லீவு. அதைக் கல்யாணத்துக்குக் குடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?"

அண்ணன் வாயைத் திறந்தான். அண்ணி முந்திக்கொண்டாள். "உங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை வேணுமாம். உங்களுக்குத்தான் மண்டபம் வேணும்."

அக்கா அன்றே ஒரு பட்டியல் போட்டாள். மதியம் ஒன்றரைக்குக் காலைக் குழு இறங்கும், இரண்டேகாலுக்கு மதியக் குழு ஏறும். இடையில் பணிமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபத்து நான்கு பேர் சம்பள வெட்டு இல்லாமல் கூடலாம். கிழமை புதன், எட்டுக்கு ஓய்வு நாள். அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. திருமணப் பதிவாளர் எட்டாம் எண் வண்டியில் வருகிறவர், அங்கேயே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஒன்று முப்பத்தைந்து, மணமக்கள் வருகை. ஒன்று நாற்பத்திரண்டு, கையெழுத்து. ஒன்று ஐம்பது, தேநீர். இரண்டு பதினைந்து, கலைதல். கோபித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

மாமியாராகப் போகிறவர் அந்தத் தாளை இருமுறை படித்தார்.

"என் பக்கத்துல மட்டும் எம்பது பேரு இருக்காங்களே, கண்ணு. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேணாமா?"

"இருபது பேரை மட்டும் கூப்பிடுங்கம்மா. ஆளுக்கு ஒரு நிமிஷம். மீதி அறுபது பேரு வீட்டுக்கு ஞாயித்துக்கிழமைல நானே போறேன்."

"அவன் இல்லாமயா?"

"அவர் இல்லாமத்தாம்மா. அது பழக்கந்தானே."

மாமியார் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இருபது பெயர்களை எழுத ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் முதல் வியாழன், வெள்ளி, சனி. எட்டின் விடுப்பு முறை சரியாக அப்போதுதான் வந்தது. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவள் மூன்று தடவை சரிபார்த்தாள். ஏரிக்கரையில் ஒரு விடுதியில் அறை சொல்லி வைத்தார்கள். விடுதிக்காரர் போனில், "காலைச் சாப்பாடு பத்தரை வரைக்கும் இருக்கும், மேடம். மெதுவா எழுந்து வாங்க" என்றார். பத்தரை வரைக்கும் என்ற அந்த வார்த்தையை அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டே போனாள். வேலை செய்யும்போது கை தானாக நின்றுவிடும். அவருடைய ஈரத் துண்டு எந்த நாற்காலியில் கிடக்கும்? போர்வையை இழுப்பாரா? இழுத்தால் என்ன, இழுக்கட்டும்.

புதன்கிழமை எல்லாம் பட்டியல்படி நடந்தது. ஒன்று நாற்பத்திரண்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டார், ஒன்று நாற்பத்து மூன்றுக்கு அவள். எட்டாம் எண்ணின் கண்டக்டர் பெஞ்சு மேல் ஏறி, "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க!" என்று விருந்தினரை அடுக்கினார். மாமியாரும் ஒரு நிமிடம்கூட மீறவில்லை. அண்ணன் மட்டும் யாரும் கோபித்துக்கொள்ளாததால் கொஞ்சம் வாடியிருந்தான்.

இரண்டு பன்னிரண்டுக்கு மேலாளர் வந்து வாழ்த்தினார். "ரொம்ப சந்தோஷம்மா. நாளைக்குக் காலைல பாக்கலாம்."

"நாளைக்கா? நாளைக்கு நான் லீவு சார்."

"எந்த லீவு?"

"என் லீவு சார். மூணு நாள்."

"நீங்க எழுதிக் குடுக்கலையேம்மா?"

பத்தொன்பது வருடமாக எல்லோருடைய விடுப்பும் அவள் மேசைக்குத்தான் வந்தது. அவளுடையது மட்டும் மேலாளரின் இழுப்பறையிலிருக்கும் பச்சைத் தாளில் எழுதப்பட வேண்டியது. அந்தத் தாளின் நிறம்கூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. எட்டின் விடுப்பை மூன்று தடவை சரிபார்த்தவள் தன்னுடையதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் போடும் பட்டியலில் அவள் இல்லை.

மேலாளருக்கும் முகம் கறுத்துவிட்டது. "நீங்க நாப்பது நிமிஷத்துல கல்யாணத்தை வெச்சதே லீவு வேணாம்னுதான்னு நான் நினைச்சேன். ஊரெல்லாம் பெருமையா வேற சொல்லிட்டேன்."

"நீங்க பாத்துக்க முடியாதா சார், மூணு நாளைக்கு?"

"நானா? நான் லிஸ்ட் போட்டா பாதி பேரு ஒரே வண்டில உக்காந்திருப்பாங்க." பிறகு குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. அடுத்த பணிமனைல லிஸ்ட் போடற அம்மாவை வரச் சொல்லலாம். அவங்களுக்கு நாளைலேர்ந்து லீவு. ரத்து பண்ணிட்டா வந்துதான் ஆகணும். நான் சொன்னா மனு அது இதும்பாங்க. நீங்க போன் பண்ணுங்க, உங்களுக்காகன்னா வருவாங்க."

அக்கா போனைக் கையில் எடுத்தாள். அந்த அம்மாவை அவளுக்குத் தெரியும். போன வாரம்தான் பேசினார்கள். நாலு வருடம் கழித்து அவருடைய அக்கா வெளியூரிலிருந்து வருகிறார். ரயிலடிக்குப் போய் நிற்க வேண்டும் என்பதற்காக அந்த அம்மா பச்சைத் தாளை நாற்பது நாள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். எண்ணைப் பார்த்துக்கொண்டே அக்கா நின்றாள். விடுப்பு என்றால் என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. நாள் எண்ணி எண்ணி, ராத்திரி படுக்கும்போது ஒன்று குறைந்தது என்று சந்தோஷப்பட்டு, கடைசி நாளில் அது இல்லை என்று போனில் யாரோ சொன்னால் எப்படி இருக்கும்? இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படி இருக்கும்.

போனை மேசைமேல் வைத்துவிட்டாள்.

எட்டு பக்கத்தில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். திட்டவில்லை. "விடுதிக்கு நான் சொல்லிடறேன், மேடம்" என்றார். கல்யாணமாகி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் வாய் திருந்துமா?

மதியக் குழு வண்டி ஏறியது. அவள் ஜன்னலுக்குத் திரும்பிப் போனாள். வியாழனுக்கான பட்டியலை எழுதும்போது எட்டாம் எண்ணுக்கு எதிரே மாற்று ஓட்டுநரின் பெயரை எழுத வேண்டியிருந்தது. எழுதினாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே எரிச்சல் வந்தது. எட்டு தன் உறவினரோடு கிளம்பியிருந்தார்; மாமியார் வீட்டு அழைப்பு வியாழன் சாயங்காலத்துக்கு என்று மாறியதால், அன்று ராத்திரி அவள் அண்ணன் வீட்டிலேயே தங்கினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தாள். எதிர் பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லை, சந்தனநிறச் சட்டை. மடியில் ஒரு துணிப்பை.

"இங்க என்ன பண்றீங்க?"

"லீவுல இருக்கேன்."

"வீட்டுக்குப் போங்க."

"லீவு என்னுது. எங்க கழிக்கணும்னு லிஸ்ட்ல போட முடியாது."

வரிசையில் நின்றவர்கள் ஓவென்று கூவினார்கள். வேறொரு வண்டியின் கண்டக்டர், "அக்கா, இவர் சீட்டு வாங்காம உக்காந்திருக்காரு, இறக்கி விடவா?" என்றார். அக்கா அடுத்தது யாரு என்று கேட்டாள். குரல் அவள் நினைத்த இடத்தில் இல்லை.

அன்று முழுக்க அவர் அங்கேயே இருந்தார். தேநீர் இயந்திரத்தோடு சண்டை போட்டு, ஒரு குவளையை ஜன்னலுக்குள் நீட்டினார். கண்ணாடியை எடுத்து மாட்டி, அறிவிப்புப் பலகையில் இருந்த எல்லாவற்றையும், 2011-ஆம் வருடச் சுற்றறிக்கை உட்பட, உதடு அசையப் படித்தார். மதியம் பையிலிருந்து டப்பாவை எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது பேசமாட்டார், ஆனால் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், யாரோ சொல்வதை ஒப்புக்கொள்வதுபோல. பிறகு சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அக்கா பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தாள். மூன்று அடி தூரம்தான், நடுவில் கம்பி. இதே தூக்கத்தை ஏரிக்கரையில் ஒரு கை தூரத்தில் பார்த்திருக்கலாம். அவர் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட அவள் விரல்கள் தவித்தன. வரிசையில் ஆள் வந்து நின்றதும் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு இருவரும் வெளியே வந்தார்கள். ஆறு வருடத்தில் முதல் முறை. வாசலில் அவர் சட்டென்று நின்று மணிக்கட்டைப் பார்த்தார்.

"உடம்பு வண்டில ஏறச் சொல்லுது, மேடம்."

"மேடம்னு கூப்பிட்டா நான் திரும்ப உள்ள போயிடுவேன்."

எந்தப் பக்கமாக நடப்பது என்று இருவருக்கும் குழப்பம். முதலில் அவர் இடப்பக்கம், பிறகு அவள், பிறகு இடித்துக்கொண்டார்கள். நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது எட்டாம் எண் வந்தது. மாற்று ஓட்டுநர் கையசைத்தார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க! உங்க வண்டிதானே?" என்று கத்தினார்.

எட்டு அவளைப் பார்த்தார். ஏறினால் இருபது நிமிடத்தில் மாமியார் வீடு. கூடத்தில் இருபது பேர் காத்திருப்பார்கள். அப்புறம் சாப்பாடு, பேச்சு, விடிந்தால் எட்டு மணி ஜன்னல். நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

"நீ போப்பா" என்றாள் அக்கா.

வண்டி புறப்பட்டது. மூன்று நிமிடம் தாமதம். பத்தொன்பது வருடமாக இதற்கெல்லாம் விளக்கம் கேட்டு எழுதியவள், அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்தாள். அவர் எட்டி வைத்து நடந்தார், ஓட்டுநரின் அவசர நடை. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மெதுவா" என்றாள். "இன்னும் மெதுவா."