முருங்கைச் சாறும் என் அழகான வரைபடமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஈப்போவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஆராய்ச்சி இது. நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்று எழுத மறந்த பிள்ளைகளுக்கு முப்பது வருடம் சலிக்காமல் மதிப்பெண் குறைத்தவன்.

முருங்கைக்கீரைச் சாறு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று யாரோ வாட்சாப்பில் அனுப்பியிருந்தார்கள். நான் நம்பவில்லை, முறைப்படி சோதித்தேன். வழக்கமான மாத்திரையோடு தினமும் ஒரு குவளை சாறு. காலை ஏழு மணி, அதே நாற்காலி, அதே இடது கை, அதே கருவி. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஒரு மாதம். அழுத்தம் படிப்படியாக இறங்கியது. வரைபடம் வரைந்தேன். பெருமை தாங்காமல் தெலுக் இந்தானில் இருக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர் அவர்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் அக்கா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம்.

மருத்துவமனையில் அவர் மகள் சொன்னாள்: "அம்மா பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டாங்க மாமா. தம்பியே டெஸ்ட் பண்ணிட்டான்லா, இனிமே எதுக்கு ஊபாட், மருந்துன்னு கேட்டாங்க."

"நான் நிறுத்தச் சொல்லலியேம்மா" என்றேன். உண்மைதான். ஆனால், நான் மாத்திரையோடு குடித்தேன் என்பது வரைபடத்தில் எங்கும் இல்லை.

திரும்பும்போது காரில் மனைவி வாய் திறந்தாள்.

"கீரைல என்னங்க இருக்கு? அது புரட்டாசி மாசம்லா. வீட்ல கருவாடு ஏது, சம்பல் ஏது? கடையில பெரட்டுற மீ கோரேங் நூடுல்ஸ்கூட நீங்க தொடல. உப்பு கொறைஞ்சா எறங்காதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா? சட்டிய எட்டிப் பாக்காம மெஷினையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நாற்காலியைக்கூட மாற்றாதவன், ஒரு மாதம் முழுக்க மாறியிருந்த சாப்பாட்டைக் கவனிக்கவில்லை. வருடா வருடம் வரும் விரதம் என்பதால் அது ஒரு மாற்றமாகவே எனக்குத் தோன்றவில்லை. சாறு உதவியதா, விரதம் உதவியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா இப்போது நடக்கிறார். வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நான் போனால் இடது கையால் தேநீர் கலக்கிக் கொடுத்து, "உன் தப்பு இல்ல தம்பி, நான்தான் அவசரப்பட்டேன்" என்கிறார். என்னை நம்பியதைத் தவிர அவர் எந்த அவசரமும் படவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் யாரிடமும் "நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்" என்று சொல்ல இன்றும் என் நாக்கு எழுவதில்லை.