ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்த வண்டி

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. எனக்கு எழுபத்தொரு வயது. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவரம் எழுதியவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. வீட்டிலிருந்து பால் பூத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. திரும்பும்போதும் எண்ணிச் சரிபார்த்துக்கொள்வேன்.

செக்கானூரணிக்கு மேற்கே அறுபது சென்டில் எங்களுக்கு ஒரு கொய்யாத் தோப்பு இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வாங்கியது. வாங்கச் சொன்னது, கன்று தேடி நட்டது, வளர்த்தது எல்லாம் என் மனைவி. மொத்தம் அறுபத்து மூன்று மரம். வாரத்தில் மூன்று நாள் எங்கள் பழைய பிக்கப் வண்டியில் இரண்டு பேரும் போய்வருவோம். வண்டிக்கு வயது பதினாறு.

நான் சொல்லும் நாளுக்குப் பதினான்கு மாதம் முன்பு, அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினாள். காரில் போகலாம், வரலாம், ஆனால் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கல். தார் ரோட்டிலிருந்து தோப்புக்கு ஆயிரத்து நானூறு மீட்டர் மண்பாதை, கண்மாய்க் கரையை ஒட்டிப் போகிறது. கரிசல் மண். டிராக்டர்கள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. எங்கள் வண்டியின் அடிவயிறு ஏழு இடத்தில் தட்டும். மழை பெய்துவிட்டால் சக்கரம் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும்.

நான் மட்டும் போய்வந்துகொண்டிருந்தேன். தினமும் அவள் மரங்களைப் பற்றிக் கேட்பாள். கிணற்றுப் பக்கத்து வரிசையில் பூ விட்டிருக்கிறதா, மாவுப்பூச்சி போய்விட்டதா என்று. நான் எண்ணிக்கை சொல்வேன். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள் தினமும் நாற்பது சுற்று நடப்பவள், ஆறு சுற்றோடு கட்டிலில் படுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “இனிமே நான் அங்க போகப் போறதில்ல. யாரும் கேட்டா தோப்பக் குடுத்துருங்க.”

எனக்குப் பயம் வந்தது தோப்புக்காக இல்லை. அந்த ஆறு சுற்றும் நாளைக்கு எத்தனை ஆகும் என்ற பயம்.

மறுநாளே வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். அதை நடத்தும் பாய், காட்டுப் பாதைக்கு வண்டியைத் தயார் செய்வதில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும் அந்தப் பாய்க்கு. பெரிய டயர் போட வேண்டும், அடிப்பாகம் உயர வேண்டும் என்றேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான்கு பக்கமும் அளந்து எழுதிய தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் கத்தினார்.

“மாப்ள, கிளாச வச்சுட்டு எல்லாரும் வாங்கடா. வண்டில ஏறுங்க.”

ஒன்பது பேர் பின்னால் ஏறினார்கள். ஒருவர் கையில் கடித்த வடை. பாய் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு ஓரம்வரை முழுக்கத் திருப்பிவிட்டு, “இப்ப அளங்க சார்” என்றார். அளந்தேன். என் தாளில் பத்து சென்டிமீட்டர் இருந்த இடத்தில் மூன்றரைதான் இருந்தது.

“நீங்க வெறும் வண்டிய, நேரா நிக்கிறப்ப அளந்துருக்கீக. நேரா நிக்கவா வண்டி வாங்குறோம்? நீங்க கேட்ட டயர இப்படியே போட்டா, மொத வளைவுலயே உரசும். பட்டையில ஒண்ணு கூடச் சேத்து ஒசத்தித்தான் போடணும்.”

பட்டை என்பது சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் வில் தகடு. இது சட்டப்படி செல்லுமா என்று கேட்டேன். “ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க, அப்பறம் வண்டியத் தொடுறேன்” என்றார். மூன்று முறை அலைந்து, எழுத்தில் பதில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். நான்கு நாள் வேலை. நான்கு நாளும் ஒரு ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சேற்றைக் கவ்வ ஆழமான பட்டன்கள் வைத்த டயர்கள். சக்கரத்தில் நான்கு, பட்டையில் ஐந்து, ஆக மொத்தம் ஒன்பது சென்டிமீட்டர் வண்டி உயர்ந்தது. பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும், முள் அறுபதில் நின்றால் உண்மையில் அறுபத்தேழு என்று பாய் எச்சரித்தார். அதற்கும் ஒரு பட்டியல் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வெறும் வண்டியோடு ஒரு தடவை, பத்து மூட்டை மண் ஏற்றி ஒரு தடவை மண்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். ஏழு இடத்தில் ஒன்றில்கூடத் தட்டவில்லை. இனி நான் அளக்காதது எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தலை சீவி, பூ வைத்து, தோப்புக்கென்று வைத்திருந்த பழைய கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு வாக்கரோடு வாசலுக்கு வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். ஒரு சாண் உயர்ந்தது. அதற்கு மேல் எழவில்லை. மறுபடி முயன்றாள். மூன்றாவது முறை உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். அதே ஒரு சாண். வண்டியின் உள்தளமோ தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டர்.

நான் சட்டைப் பையில் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

“பள்ளத்துக்காக வண்டிய ஒசத்துனீக, சரி” என்றாள். “நான் எப்படி ஏறுறதுன்னு நெனச்சீகளா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன், ஆடியது. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைக்கலாமா என்றேன்.

“நான் என்ன மூட்டையா, தூக்கிப் போட?” என்று சொல்லிவிட்டு வாக்கரை வீட்டுப் பக்கம் திருப்பினாள். அவள் உள்ளே போய்விட்டால் மறுபடி வெளியே வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

எதிர் வரிசையில் நான்கு கடை தள்ளி ஓர் அரிசி மண்டி. அன்று லாரியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கூத்தை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஒரு லோடுமேன், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி வந்தார். அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை நான்.

“அய்யா, நூறு கிலோ மூட்டையையே நாங்க தரையிலருந்து தூக்குறதில்ல. வண்டிய எங்க மேடையோட ஒட்டி நிப்பாட்டுங்க. அம்மா தள்ளுவண்டி ஏறுற சரிவுல மெதுவா நடந்து வரட்டும்.”

மண்டியின் மேடை அறுபத்தைந்து சென்டிமீட்டர். அளந்துவிட்டு வண்டியை அதோடு ஒட்டி நிறுத்தினேன். அவள் சற்று யோசித்துவிட்டுச் சாலையைக் கடந்தாள். வருகிற பைக்குகளை இரண்டு லோடுமேன்கள் கை நீட்டி நிறுத்தினார்கள். சரிவில் ஏறும்போது கேட்டாள்: “கடைசில மூட்டை ஏறுற வழியிலதான் என்னையும் ஏத்துறீகளா?”

“மூட்டை இம்புட்டுப் பேசாதுத்தா” என்றார் அவர். பதினான்கு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

மேடையின் ஓரத்தில் திரும்பி நின்று, நாற்காலியில் உட்காருவது போல இருக்கையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். நன்றி சொல்ல நான் திரும்பியபோது அந்த மனிதர் அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார்.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டும்போதுதான் எனக்கு வியர்த்தது. ஏற்றியாயிற்று, அங்கே போய் எப்படி இறக்குவது? தோப்பில் மண்டி ஏது? தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன். அவள் அதற்குள் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துக் காட்டு விவசாயிக்குப் போன் போட்டிருந்தாள்.

“தம்பி, நான் வாரேன். ஆமா, நாந்தேன். கிணத்தடி வரப்ப ஒட்டி மண்ணு வெட்டிப்போட்டு மேடு கட்டி வைங்க. சரிவா நடந்து எறங்குற மாதிரி. மேல சாக்கு விரிச்சுருங்க, வழுக்கப் போகுது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்த மேடை எம்புட்டு ஒசரம்னீக?”

“அறுபத்தைந்து சென்டிமீட்டர்.”

“ஒன்றரை மொழம், தம்பி” என்றாள் போனில்.

“ஒன்றரை முழம் என்றால் அறுபத்தெட்டு வரும். மூன்று கூடுதல்” என்றேன்.

“ஈர மண்ணு. மிதிச்சா மூணு எறங்கிரும். ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

மண்பாதையில் முந்தின நாள் மழை தேங்கிக் கிடந்தது. டயர்கள் சேற்றைக் கவ்விக் கவ்வி ஏறின. வண்டி சாய்ந்தது, ஆடியது, ஆனால் ஒரு இடத்திலும் தூக்கிப் போடவில்லை. அவள் கைப்பிடியை விட்டுவிட்டு ஜன்னலில் கையை வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் விவசாயியும் அவர் மனைவியும் முழங்கால்வரை சேற்றோடு நின்றார்கள். மேடு தயாராக இருந்தது. அவள் சாக்கில் வாக்கரை ஊன்றி, மெதுவாக இறங்கி, தோப்புக்குள் நின்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் முதல் வரிசையைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இதக் கவாத்து பண்ணச் சொல்லி எத்தன மாசமாச்சு?” என்று அந்த விவசாயியைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு மணி ஆவதற்குள், செய்ய வேண்டிய வேலைகள் என்று பதினான்கு சொல்லிவிட்டாள். நான் எழுதிக்கொண்டேன். தோப்பைக் கொடுக்கும் பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

அடுத்த வாரம் நான் வண்டியிலும் அவள் வாடகைக் காரிலுமாகப் பட்டறைக்குப் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “யாரு ஏறப்போறாங்கன்னு நானும் கேக்கல பாருங்க. எம்மேலயும் தப்பு இருக்கு.” அவளை வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, வலியில்லாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் காலைத் தூக்கச் சொன்னார். கால் நின்ற உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் ஒரு படி, அதற்கு மேல் இரண்டு படி, பிடித்துக்கொள்ள நீளமாக ஒரு கம்பி. இப்போது அவள் யார் துணையும் இல்லாமல் ஏறுகிறாள். வீட்டில் ஐம்பது சுற்று நடக்கிறாள்.

அளப்பதை நான் விடவில்லை, அது என்னோடுதான் போகும்; ஆனால் இப்போதெல்லாம் டேப்பை விரிப்பதற்கு முன்னால், யாருக்காக அளக்கிறேனோ அவரை முதலில் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறேன்.